மணலில் எழுதி ஈயத்தில் வார்த்த தமிழ்

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் ஏறும் நம்மவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும். ஸ்ரீரங்கம், சமயபுரம், தஞ்சைப் பெரிய கோயில், நாகூர், வேளாங்கண்ணி. பிறகு சொந்த ஊர், உறவினர் வீடு, துணிக்கடை. அத்தோடு பயணம் முடிந்துவிடும். நாகூர் வரை போகிறவர்கள் காரைக்கால் வழியாக வடக்கே இன்னும் கொஞ்ச நேரம் வண்டி ஓட்டினால் ஒரு சிறிய கடற்கரை ஊர் வரும். அதுதான் தரங்கம்பாடி. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் முழு ஊரையும் நடந்தே பார்த்துவிடலாம்.

இந்த ஊரைப் பற்றி எழுத ஒரு காரணம் இருக்கிறது. இன்று நாம் கைப்பேசியைத் திறந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, கோயில் குடமுழுக்கு, மார்க்கச் சொற்பொழிவு என எல்லாமே கடல் கடந்து வந்துவிடுகின்றன. ஒரு சமயச் செய்தியைப் புதிய கருவி ஒன்றின் துணையால் தூரத்தையும் மொழியையும் தாண்டிக் கொண்டுபோகும் வேலை தமிழ் மண்ணில் எப்படி நடந்தது, அதில் எது எளிதாக இருந்தது, எது கடினமாக இருந்தது என்பதை நேரில் நின்று பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. அன்றைய புதிய கருவி அச்சு இயந்திரம்.

ராஜ வீதியில் ஒரு நடை

ஊருக்குள் நுழையும் இடத்தில் வெள்ளை அடித்த நுழைவாயில் ஒன்று நிற்கிறது. 1792 என்ற ஆண்டு அதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அதைத் தாண்டியதும் நேராகக் கடலை நோக்கிப் போகிறது ராஜ வீதி. இரைச்சல் இல்லை. தூண் வைத்த முகப்புகள், பெரிய சன்னல்கள், உயரமான மதில்கள். நம் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஓர் அமைதியான சந்தை வெட்டி எடுத்து, கடலோரத்தில் வைத்தது போன்ற தோற்றம்.

இந்த வீதியில் இரண்டு தேவாலயங்கள் இருக்கின்றன. ஒன்று 1701-இல் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட சீயோன் ஆலயம். மற்றொன்று 1718-இல் தமிழர்களின் வழிபாட்டுக்காகக் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம். வீதியின் முடிவில் கடல். கடலைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் டான்ஸ்பர்க் கோட்டை. இடப்பக்கம் சற்றுத் தள்ளி மாசிலாமணிநாதர் கோயில். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்குள்ள கல்வெட்டு இந்த ஊரைச் ‘சடங்கன்பாடி’ என்று குறிக்கிறது.

டென்மார்க் எங்கே, காவிரிக் கடைமடை எங்கே? மிளகு வணிகம்தான் இரண்டையும் இணைத்தது. 1620-இல் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர், டேனிஷ்காரர்களுக்கு இந்தக் கடற்கரையில் இடம் கொடுத்தார். டென்மார்க் மன்னருக்கு அவர் பொன் தகட்டில் பொறித்து அனுப்பிய கடிதம் இன்றும் கோப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோட்டை கட்டினார்கள், கப்பல் விட்டார்கள், 1845-இல் ஆங்கிலேயருக்கு ஊரை விற்றுவிட்டுப் போனார்கள். வணிகத்தைப் பொறுத்தவரை கதை அவ்வளவுதான்.

ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறொன்று. 1706 ஜூலை 9-ஆம் நாள் கப்பலிலிருந்து இறங்கிய இரண்டு ஜெர்மானியர்களால் வந்த பெயர் அது. ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் ஹென்ரிக் புளுட்சோ. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பி வைத்த சீர்திருத்தச் சபை ஊழியர்கள் இவர்கள். சீகன்பால்கு அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். உடம்பும் அவ்வளவு உறுதியானது இல்லை. அவர்கள் இறங்கிய இடத்தில் கடற்கரையோரம் ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

திண்ணைப் பள்ளியில் சேர்ந்த பாதிரியார்

மன்னரின் ஆணை கையில் இருந்தும் கோட்டைக்குள் அவர்களுக்கு நல்ல வரவேற்பு இல்லை. வணிகம் செய்ய வந்தவர்களுக்குப் பாதிரியார்கள் இடைஞ்சலாகத் தெரிந்தார்கள். பின்னாளில் கோட்டைத் தலைவர் சீகன்பால்குவை நான்கு மாதம் சிறையிலேயே வைத்தார்.

அந்தக் காலத்தில் இந்தக் கடற்கரையில் வெள்ளைக்காரர்களோடு பேசும் மொழி போர்த்துகீசியம். தரகர்கள், துபாஷிகள், கப்பல்காரர்கள் எல்லாரும் அதில் சமாளித்தார்கள். அதைக் கற்றுக்கொண்டால் வேலை நடந்துவிடும். ஆனால் தெருவில் நடக்கும் மக்களிடம் அது செல்லாது என்பது சீகன்பால்குவுக்குச் சில வாரங்களிலேயே புரிந்துவிட்டது. அவர் செய்த காரியம் எளிமையானது. முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருடைய பள்ளியையே தம் வீட்டுக்கு வரச் செய்தார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் ‘அ’ எழுதினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாதிரியாரும் எழுதினார்.

எழுத்து வந்ததும் பொருள் வேண்டும். அதற்கு அழகப்பன் என்பவர் துணையாக வந்தார். டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். இவர்களிடமும், சுவடி வாசித்துக் காட்டிய புலவர்களிடமும் சீகன்பால்கு நாள்தோறும் மணிக்கணக்கில் பாடம் கேட்டார். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி 1708-இல் ஒரு பட்டியல் தயாரித்தார். அதில் திருக்குறள் உண்டு. சிவவாக்கியம் உண்டு. சைவ, வைணவ, சமண நூல்களோடு இஸ்லாமிய நூல்களும் உண்டு.

இந்தத் தயாரிப்புக்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பில் கை வைத்தார். கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கும் வேலை 1708-இல் தொடங்கி 1711-இல் முடிந்தது.

கப்பலோடு பிடிபட்ட அச்சு இயந்திரம்

மொழிபெயர்ப்பு முடிந்தது. அதை எப்படிப் பலர் கைக்குச் சேர்ப்பது? அப்போது இருந்த வழி ஓலை. எழுத்தாளர்களைக் கூலிக்கு அமர்த்தி, எழுத்தாணியால் ஒவ்வொரு படியாகக் கீறி எடுக்க வேண்டும். செலவும் அதிகம், காலமும் அதிகம். அச்சு இயந்திரம் ஒன்று வேண்டும் என்று சீகன்பால்கு ஐரோப்பாவுக்கு எழுதினார்.

உதவி லண்டனிலிருந்து வந்தது. எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலேயச் சங்கம் 1711-இல் அச்சு இயந்திரம், காகிதம், ஓர் அச்சுக்காரர் ஆகியோரைக் கப்பலேற்றி அனுப்பியது. கப்பல் பிரேசில் கரையோரம் போனபோது பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டது. பணம் கொடுத்து மீட்ட பிறகு பயணம் தொடர்ந்தது. ஆனால் அச்சுக்காரர் வழியிலேயே நோயில் இறந்துபோனார். 1712-இல் தரங்கம்பாடிக்கு இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. அதை இயக்கத் தெரிந்த ஆள் இல்லை. பிறகு டேனிஷ் கம்பெனிச் சிப்பாய்களிலேயே அச்சுத்தொழில் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்தார்கள்.

இயந்திரம் வந்தாயிற்று, ஆளும் கிடைத்தாயிற்று. இப்போது எழுத்துகள் வேண்டும். வந்த இயந்திரத்தோடு ரோமன் எழுத்துகள்தான் இருந்தன. அதைக் கொண்டு போர்த்துகீசியத்தில் அச்சடிக்கலாம், தமிழில் முடியாது. தமிழ் எழுத்துகளின் வடிவங்களை எழுதி ஜெர்மனியில் உள்ள ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். அங்கே அதுவரை தமிழையே பார்த்திராத கைவினைஞர்கள் அந்த வடிவங்களைப் பார்த்து அச்செழுத்து வார்த்தார்கள். 1713-இல் அவை தரங்கம்பாடிக்கு வந்தன. தமிழ் அச்சு தொடங்கியது.

எழுத்து பெரிது, காகிதம் குறைவு

ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகளில் குறை ஒன்று இருந்தது. அளவு மிகப் பெரிது. ஒரு பக்கத்தில் சில வரிகள்தான் கொள்ளும். இந்த அளவில் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டால் காகிதம் எங்கே போவது? காகிதமோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த எழுத்துகளோடு கூடவே யோகான் ஆட்லர் என்ற தொழில்நுட்பக்காரரும் தரங்கம்பாடிக்கு வந்திருந்தார். ஊரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துவிடலாம் என்று அவர் முடிவு செய்தார். ஈயம்? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கி எழுத்து வார்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது. தமிழ் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்க, அளவு சிறுத்து, வடிவம் திருந்திய எழுத்துகள் உருவாயின. அந்த எழுத்துகளின் துணையால் 1714-இல் நான்கு நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வெளிவந்தன. பக்கத்து ஊரான பொறையாரில் எழுத்து வார்க்கும் பட்டறையும் காகித ஆலையும் அந்த ஆண்டுகளில் எழுந்தன.

இந்தக் கதையில் இயந்திரத்தின் பங்கையும் ஊரின் பங்கையும் பிரித்துப் பாருங்கள். இயந்திரம் கடல் கடந்து வந்தது. பணமும் கடல் கடந்து வந்தது. ஆனால் எழுத்து இங்கேயே வார்க்கப்பட்ட பிறகுதான் புத்தகம் புத்தகமானது. இறக்குமதியான எழுத்தால் ஒரு துண்டுப் பிரசுரம் போடலாம், ஒரு நூலைத் தாங்க முடியாது.

புதிய எருசலேம் ஆலயத்துக்குள் போய்ப் பாருங்கள். நான்கு கைகளும் ஏறக்குறைய சமமாக உள்ள சிலுவை வடிவக் கட்டடம். முகப்பில் நான்காம் பிரெடரிக் மன்னரின் முத்திரை. உள்ளே பலிபீடத்தின் அருகே சீகன்பால்குவின் கல்லறை. ஆலயம் திறந்தது 1718 அக்டோபரில். அவர் இறந்தது 1719 பிப்ரவரி 23-இல். முழுதாக ஐந்து மாதம்கூட அந்த ஆலயத்தில் அவர் பணி செய்யவில்லை. இறக்கும்போது வயது 36. பழைய ஏற்பாட்டை ரூத்து நூல் வரை மொழிபெயர்த்திருந்தார். மீதியைப் பிறகு வந்தவர்கள் முடித்தார்கள்.

நான் போன நாளில் ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், “எங்கேயிருந்து வர்றீங்க தம்பி?” என்றார். மலேசியா என்றதும் முகம் மலர்ந்தது. “அங்கேயும் நம்ம சபை இருக்கே” என்றார். அவர் சொன்னது சரிதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்த தமிழ் லுத்தரன் குடும்பங்கள் இந்த மரபைக் கையோடு கொண்டுவந்தன. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள சீயோன் லுத்தரன் ஆலயம் அந்த வழியில் வந்தது. தமிழ்நாட்டில் இந்த மரபைச் சேர்ந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் திருச்சியில் இருந்தாலும், அதன் பேராயருக்குரிய பட்டம் இன்றும் ‘தரங்கைப் பேராயர்’ என்பதுதான்.

போன கடிதங்களும் வந்த கடிதங்களும்

தரங்கம்பாடியிலிருந்து இன்னொரு பொருளும் கடல் கடந்து போயிற்று. கடிதங்கள். சீகன்பால்குவும் அவருடைய தோழர் கிரண்ட்லரும் 1712 முதல் 1714 வரை ஒரு வித்தியாசமான வேலை செய்தார்கள். கடவுள், வினை, திருமணம், மருத்துவம், கல்வி என்று பல பொருள்களைப் பற்றிக் கேள்விகள் எழுதித் தமிழர்களுக்கு அனுப்பினார்கள். கிறிஸ்தவர் அல்லாத அந்தத் தமிழர்கள் தங்கள் கருத்தைத் தங்கள் நடையில் பதிலாக எழுதினார்கள். சில கடிதங்களில் வெள்ளைக்காரர்களின் நடத்தை மீதான குற்றச்சாட்டும் வெளிப்படையாக இருக்கிறது. அந்தக் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார்கள். 99 கடிதங்கள் இரண்டு தொகுதிகளாக அங்கே அச்சாயின. தமிழ்நாட்டுச் சாதாரண மனிதர்களின் சமயக் கருத்தை ஐரோப்பியர்கள் அவர்களுடைய சொற்களிலேயே படிக்க முடிந்தது.

எல்லாம் அச்சேறிவிடவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் சீகன்பால்கு எழுதி அனுப்பிய பெரிய நூலை ஹாலேயில் இருந்தவர்கள் வெளியிடவில்லை. அனுப்பியது சுவிசேஷம் சொல்லத்தானே, அங்குள்ள தெய்வங்களின் கதையை இங்கே பரப்பவா என்பது அவர்கள் எண்ணம். அந்த நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சானது. ஏறத்தாழ 150 ஆண்டு தாமதம். அச்சு இயந்திரம் இருந்தும், கேட்கும் மனம் இல்லாததால் ஒரு நூல் பெட்டிக்குள் கிடந்தது.

வெளியான செய்திகளோ எதிர்பாராத இடங்களுக்கெல்லாம் போயின. தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களின் ஆங்கிலத் தொகுப்பு ஒன்று, இங்கிலாந்தில் எப்வர்த் என்ற ஊர்ப் பாதிரியாரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவருடைய மனைவி சூசன்னா வெஸ்லி அதைப் படித்து மனம் நெகிழ்ந்தார். அதன் பிறகு தம் பிள்ளைகளோடு தனித்தனியே உட்கார்ந்து சமயம் பேச நேரம் ஒதுக்கியதாக 1712-இல் கணவருக்கு எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. ஒரு கடிதத்தால் ஓர் இயக்கம் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த வீட்டு மேசையில் தரங்கம்பாடியின் செய்தி இருந்தது உண்மை.

அந்த மெதடிஸ்ட் சபை 1885-இல் சிங்கப்பூருக்கு வந்தது. கொண்டுவந்தவர் பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்ட்ஹம். சிங்கப்பூர் ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயமும், நம் பட்டணங்களில் நம் பிள்ளைகள் படித்த மெதடிஸ்ட் பள்ளிகளும் அந்த வரவின் தொடர்ச்சி. பள்ளிச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு போன நம்மில் பலருக்கு, அந்தக் கயிற்றின் ஒரு நுனி காவிரிக் கடைமடையில் கிடக்கிறது என்பது தெரியாது.

அச்சுக்குப் பிறகு வானொலி வந்தது. 1948-இல் மணிலாவில் தொடங்கிய கிறிஸ்தவ ஒலிபரப்பு, 1970 முதல் செஷல்ஸ் தீவிலிருந்து வந்த சிற்றலை ஒலிபரப்பு, இலங்கைப் புத்தளத்திலிருந்து வந்த மத்திய அலை ஒலிபரப்பு எனத் தமிழிலும் செய்தி காற்றில் வந்தது. அந்த நிலையங்கள் ஒவ்வொன்றும் நேயர்களிடம், “எங்களுக்குக் கடிதம் எழுதுங்கள்” என்று திரும்பத் திரும்பக் கேட்டன. குரல் கடலைத் தாண்டிவிடும். கேட்டவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய, மறுபக்கமிருந்து ஒரு பதில் வந்தாக வேண்டும்.

திரையில் ஏறிய ரோமன் எழுத்து

ஆலயத்து வாசலிலிருந்து கிள்ளானில் உள்ள என் அத்தைக்குக் காணொலி அழைப்பு போட்டேன். அவர் பிறந்தது முதல் லுத்தரன் சபை. தோட்டத்தில் வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். கைப்பேசியைத் திருப்பி ஆலயத்தைக் காட்டினேன். “ஐயா கல்லறையைக் காட்டுய்யா” என்றார். காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பக்கத்தில் இருந்த பேத்தியைக் கூப்பிட்டு, “இவங்கதான் நம்ம வேதாகமத்தை முதல்ல அச்சடிச்சவங்க, பாரு” என்றார். பேத்தி எட்டிப் பார்த்து, “பாட்டி, அதை என்னால படிக்க முடியாதே” என்றாள். தேசியப் பள்ளியில் படிக்கும் பிள்ளை. தமிழ் நன்றாகப் பேசுவாள், பாடுவாள். எழுத்து மட்டும் தெரியாது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஆலயங்கள் மூடப்பட்டபோது, நம் தமிழ்ச் சபைகள் சில வாரங்களில் ஸூம், முகநூல், யூடியூப் வழியாக ஆராதனை நடத்தக் கற்றுக்கொண்டன. ஈப்போவில் பாடியதைச் சிங்கப்பூரில் கேட்டார்கள். ஊரில் இருந்த உறவினர்களும் சேர்ந்துகொண்டார்கள். புலனத்தில் காலை வசனம் வராத தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் இன்று அரிது. தூரம் என்ற தடை ஏறக்குறைய போய்விட்டது. மொழி என்ற தடையோ நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. நம் ஆலயங்கள் பலவற்றின் திரையில் இப்போது தமிழ்ப் பாடல் ரோமன் எழுத்தில் ஓடுகிறது.

இதற்கும் ஒரு பழைய முன்னோடி உண்டு. 1554-இல் போர்த்துகல் தலைநகர் லிஸ்பனில் ஒரு சிறிய ஞானபோதகப் புத்தகம் அச்சானது. அதில் மொழி தமிழ், எழுத்து ரோமன். தமிழ் எழுத்து அன்று அச்சில் இல்லை, வேறு வழியும் இல்லை. 24 ஆண்டுகள் கழித்து 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே அச்சானது. நமக்குக் கிடைத்துள்ள தமிழ் அச்சு நூல்களில் அதுதான் முதலாவது. அதை உருவாக்கிய அண்ட்ரிக் அடிகளாரும் முத்துக்குளித்துறை மக்களோடு இருந்து தமிழ் கற்றவர்தான்.

ஆக, ரோமன் எழுத்தில் தொடங்கி, தமிழ் எழுத்துக்கு வந்து, தரங்கம்பாடியில் நிலைபெற்ற பயணம் நம் திரைகளில் திரும்பி நடக்கிறது. லிஸ்பனில் தமிழ் எழுத்து இல்லாததற்குக் காரணம் தொழில்நுட்பம். இன்று அந்தக் காரணம் இல்லை. தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்த வேலையின் பெரும்பங்கு நம் மண்ணிலேயே நடந்தது. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். ஆப்பிள் கருவிகளில் வந்த ‘இணைமதி’ எழுத்துரு அவர் வடித்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றப் பாடுபட்டார். 1997-இல் முதல் தமிழ் இணைய மாநாடும் சிங்கப்பூரில்தான் கூடியது. பொறையார்ப் பட்டறையில் ஆட்லர் செய்த வேலையை நம் காலத்தில் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் செய்தன. எழுத்து வார்த்தாயிற்று, கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. யூவெர்ஷன் போன்ற செயலியைத் திறந்தால் தமிழ் வேதாகமம் முழுவதும் செலவில்லாமல் கிடைக்கிறது. படிக்கத் தெரிந்த கண்கள்தான் குறைந்து வருகின்றன.

ரோமன் எழுத்தில் பாடுகிற பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த எழுத்தும் இல்லாவிட்டால் அவர்கள் வாய் மூடி நின்றிருப்பார்கள். பிள்ளைகளை ஆலயத்துக்குள் வைத்திருக்க உதவுகிற ஒரு கைத்தடி அது. ஆனால் கைத்தடியின் எல்லையும் தெரிய வேண்டும். ரோமன் எழுத்தில் ‘வழி’யும் ‘வலி’யும் பலர் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ‘பலி’யும் ‘பழி’யும் அப்படித்தான். சமய நூலில் இந்தச் சொற்கள் எவ்வளவு முக்கியமானவை என்று விசுவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேவாரம் பாடும் பிள்ளைக்கும் இதே சிக்கல்தான். சமயம் எதுவானாலும் எழுத்து ஒன்றுதானே?

தரங்கம்பாடி காட்டும் வழி செலவு பிடித்தது இல்லை. திரையில் ரோமன் எழுத்து ஓடட்டும், அதற்கு மேலே தமிழ் எழுத்தும் ஓடட்டும். ஞாயிறு பள்ளியில் பதினைந்து நிமிடம் எழுத்துக்கு ஒதுக்கலாம். தமிழ்ப்பள்ளியில் படித்த பாட்டி ஒருவர் போதும் ஆசிரியராக. ஜெர்மனியில் படித்த ஒரு பாதிரியார் சிறு பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து ‘அ’ எழுத வெட்கப்படவில்லை. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் ஓசை ஏற்கெனவே நாவில் இருக்கிறது. அவருக்கு அதுகூட இருக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகக் காரில் போகலாம். நாகூர், வேளாங்கண்ணிப் பயணத்தோடு சேர்த்துக்கொண்டால் தனியாக ஒரு நாள் தேவைப்படாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி, பிப்ரவரி நடப்பதற்கு இதமான மாதங்கள். கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. சீகன்பால்கு வாழ்ந்த வீட்டைச் சீரமைத்து 2017-இல் பண்பாடுகளுக்கு இடையிலான உரையாடலுக்கான அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். அவசரப்படாமல் பாருங்கள். மாசிலாமணிநாதர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள்.

2004 ஆழிப்பேரலையில் இந்த ஊரின் மீனவர் குடியிருப்பு மிகுந்த உயிரிழப்பைச் சந்தித்தது. கடற்கரையில் படம் எடுக்கும்போது அந்த நினைவும் இருக்கட்டும். மாலையில் படகுகள் கரையேறும் நேரத்தில் போனால் மீனவர்களோடு பேசலாம், மலேசியாவிலிருந்து வருகிறோம் என்றால் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். மணல் நிறைய இருக்கிறது. எழுத்துத் தெரியாத பிள்ளை இருந்தால், விரலைப் பிடித்து அதன் பெயரை ஒருமுறை தமிழில் எழுதிக் காட்டுங்கள்.